மரபணு மருந்து மலை ஏறுமா?

ரத்தச் சிவப்பணு, இருபுறமும் குழிந்த சின்னஞ்சிறு தட்டு. தன்னைவிடக் குறுகலான நுண்குழாயிலும் நெளிந்து புகுந்துவிடும். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வந்து உட்கார்ந்தால் அந்த நெகிழ்வு போய்விடுகிறது. ஆக்சிஜனை இறக்கியதும் ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி இழையாகி, அணுவை அரிவாள்போல் வளைக்கிறது. வளைந்து விறைத்த அணுக்கள் குழாயை அடைக்க, எலும்பிலும் மூட்டிலும் நெஞ்சிலும் தாங்க முடியாத வலி எடுக்கிறது. 1949-இல் லைனஸ் பாலிங் குழு இந்த அரிவாள் செல் நோயை மூலக்கூறின் நோய் என்று நிறுவியது. மூன்றே ஆண்டுகளில், 1952-இல், நீலகிரிப் பழங்குடியினரிடம் இதன் மரபுக்கூறு இருப்பது பதிவானது. அறிவியலுக்கு இவ்வளவு நன்றாகத் தெரிந்த நோய்கள் குறைவு.

இந்த நோயோடு பிறந்த குழந்தைக்கும் முதல் சில மாதங்கள் தொல்லை தெரியாது. கருவில் உருவான ஹீமோகுளோபின் அதுவரை காக்கிறது. பிறகு உடல் அதன் உற்பத்தியை அடக்கிவிடுகிறது. அடக்கும் மரபணுவின் பெயர் பிசிஎல்11ஏ. நோயாளியின் ரத்த மூலச்செல்களை வெளியே எடுத்து, கிறிஸ்பர் என்னும் மரபணுத் திருத்தக் கருவியால் அந்த மரபணுவின் விசையை வெட்டித் திரும்பச் செலுத்துவதே காஸ்ஜெவி சிகிச்சை. 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் இதற்கு ஒப்புதல் தந்தன. ஆய்வில் போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 31 பேரில் 29 பேருக்கு ஓராண்டாவது கடும் வலித் தாக்குதல் வரவில்லை. மகத்தான வெற்றி இது. ஆனால் அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். எந்தப் புது மருந்தும் முதலில் விலை அதிகமாகத்தான் இருக்கும், பிறகு இறங்கும் என்பார்கள். எச்ஐவி மருந்துகளில் அப்படி நடந்தது உண்மை. 2001-இல் சிப்லா நிறுவனம் ஓராண்டுக்கான கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தர முன்வந்ததும் விலை சரிந்தது. அது மாத்திரை, ஆலையில் லட்சக்கணக்கில் செய்யலாம். காஸ்ஜெவியோ ஒவ்வொருவருக்கும் அவரவர் செல்லிலிருந்தே தனித்தனியாகத் தயாராக வேண்டும். திருத்திய செல்லுக்கு இடம் ஒழிக்கக் கடுமையான கீமோதெரபி வேண்டும். வாரக்கணக்கில் மருத்துவமனையில் கிடக்க வேண்டும். காலம் மட்டும் இதை மலிவாக்கிவிடாது.

அதற்காக மரபணு ஆராய்ச்சியே பணக்காரர்களின் விளையாட்டு என்று ஒதுக்குவதும் தவறு. கருக்கால ஹீமோகுளோபின் காப்பாற்றும் என்ற அதே அறிவு ஒரு மலிவான மருந்துக்குள்ளும் இருக்கிறது. ஹைட்ராக்சியூரியா அந்த ஹீமோகுளோபினையே கூட்டுகிறது. நோயை வேரோடு நீக்காது; தினமும் விழுங்க வேண்டும், அவ்வப்போது ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனால் வலித் தாக்குதல்களைக் கணிசமாகக் குறைக்கிறது. 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம் 7 கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. பரிசோதனையோடு நின்றால் அது வெறும் கணக்கெடுப்பு. நோய் உறுதியானவர் கையில் மாதந்தோறும் மாத்திரை போய்ச் சேர வேண்டும், மலைக்கிராமத்தின் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தத்தைப் பார்க்க வேண்டும். புதுக் கண்டுபிடிப்புக்கு நாம் தரும் வரவேற்பில் பாதியை இந்தப் பழைய மாத்திரைக்குத் தந்தாலே பலருக்கு வலி குறையும்.

மரபணு மருந்துக்கும் வழி அடைபடவில்லை. 2025-இல் பிலடெல்பியாவில், அரிய கல்லீரல் நொதிக் குறைபாட்டோடு பிறந்த ஒரு குழந்தைக்கு, மரபணுத் திருத்தக் கருவியைக் கொழுப்புத் துகளில் அடைத்து நேரடியாக உடலுக்குள் செலுத்திய செய்தி வெளியானது. செல்லை வெளியே எடுக்கவில்லை, கீமோதெரபியும் இல்லை. கல்லீரலுக்கு அத்துகள்கள் எளிதில் போய்ச் சேரும். அரிவாள் செல் நோயாளிக்கோ அவை எலும்பு மஜ்ஜைக்குப் போக வேண்டும். ஆய்வாளர்கள் இப்போது முட்டி மோதிக்கொண்டிருப்பது அங்கேதான்.