வர்ணப் பலகைகள்

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் சிறு குழந்தைக்கு முதலில் வர்ணங்களின் பெயர்களைச் சொல்லித் தருவதே எளிது என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது எளிதன்று. பந்து, பூனை, கிண்ணம் என்று கண்ணிற்படும் பொருள்களையெல்லாம் தாய்மொழியில் பெயர் சொல்லி அழைக்கும் குழந்தையும், வர்ணத்தைக் கேட்டால் மட்டும் சிவப்பை நீலமென்றும் நீலத்தை மஞ்சளென்றும் மாற்றிச் சொல்வதுண்டு. சார்லஸ் டார்வின் தம் மக்கள் இவ்வாறு தடுமாறியதைக் கண்டு, அவர்களுக்கு நிறக்குருடு இருக்குமோ என்றுகூட ஐயுற்று, பின்னர் அது ஆதாரமற்றதெனத் தெளிந்தார். பந்தைக் கையில் எடுக்கலாம், உருட்டலாம். சிவப்பை மட்டும் தனியே எடுத்துக் கொடுக்க எவராலும் இயலாது. ஆசிரியை சிவப்புப் பந்தைக் காட்டி 'ரெட்' என்றால், அச்சொல் பந்தைக் குறிக்கிறதா, அதன் உருண்டை வடிவத்தைக் குறிக்கிறதா, நிறத்தைக் குறிக்கிறதா என்று குழந்தை எங்ஙனம் அறியும்?

இந்தச் சிக்கலை அவிழ்ப்பதற்கென்றே அமைந்தாற்போன்ற உபகரணம், இத்தாலிய மருத்துவரான மரியா மாண்டிசோரி அம்மையாரின் வர்ணப் பலகைகள். ரோமாபுரியில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த சான் லாரென்ஸோ பகுதியில் 1907-ஆம் ஆண்டு குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய அவர், 1939-இல் பிரம்மஞான சபையாரின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றுக்கு வந்து, உலகப் போரின் காரணமாக ஆண்டுக்கணக்கில் இந்நாட்டிலேயே தங்க நேர்ந்து, இங்குள்ள ஆசிரியர் பலருக்குத் தம் முறையில் பயிற்சியும் அளித்தார்.

அளவிலும் வடிவிலும் கனத்திலும் ஒன்றுக்கொன்று இம்மியும் வேறுபடாத சிறு பலகைகள் இவை. வேற்றுமையெல்லாம் வர்ணத்தில் மட்டுமே. ஆதியில் பட்டு நூல் சுற்றியிருந்தார்கள். இப்போது வர்ணம் பூசுகிறார்கள். முதற்பெட்டியில் சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்று ஜோடிகள். இரண்டாவதில் பதினொரு ஜோடிகள். மூன்றாவதில் ஒன்பது வர்ணங்கள், ஒவ்வொன்றும் அடர்த்தியிலிருந்து வெளிறியது வரை ஏழு படிகளாக, ஆக 63 பலகைகள்.

முதலில் பெயரே வேண்டியதில்லை. பலகைகளைக் கலைத்து வைத்து, ஒத்ததை ஒத்ததோடு சேர்க்கும்படி விட்டுவிட வேண்டும். ஆசிரியர்கள் பெரும்பாலும் அவசரப்பட்டுக் கடந்துவிடும் இந்தப் படியையே நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஏனெனில், சொல் ஒன்றும் குறுக்கிடாத இந்த விளையாட்டில் ஒரு குழந்தை சிவப்பையும் பச்சையையும் ஓயாமல் ஜோடி மாற்றி வைக்குமாயின், குறை அதன் ஞாபகத்தில் இல்லாமல் கண்ணில் இருக்கக்கூடும் என்பதை, அதனை மந்தமென்று கடிந்துகொள்வதற்கு முன்பே நாம் உணர்ந்து, மருத்துவரிடம் காட்ட வழியுண்டாகிறது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடமே இக்குறை மிகுதி.

கண் நன்கு பழகிய பின்னரே நாவுக்கு வேலை. பிரெஞ்சு மருத்துவர் எட்வர்ட் செகேன் வகுத்த மூன்று படிப் பாடத்தை அம்மையார் இதற்குப் பிரயோகித்தார். சிவப்பையும் நீலத்தையும் முன்னே வைத்து, 'திஸ் இஸ் ரெட்', 'திஸ் இஸ் ப்ளூ' என்று நிதானமாக, வேறு பேச்சுக் கலவாமல் ஆசிரியை சொல்வது முதற்படி. 'கிவ் மீ தி ரெட்' என்று கேட்க, குழந்தை எடுத்துக் கொடுப்பது இரண்டாவது. ஒன்றைத் தொட்டு 'வாட் இஸ் திஸ்?' என்று வினவிக் குழந்தையின் வாயிலிருந்து பெயரை வருவிப்பது மூன்றாவது. நடுப்படியே நெடுநேரம் நீடிக்க வேண்டும்: பலகைகளை இடம் மாற்றுவதும், மேஜைக்கும் ஜன்னலுக்கும் கொண்டுபோய் வைக்கச் சொல்வதும், மீண்டும் எடுத்துவரச் சொல்வதுமாக, சொல்லைக் கேட்டுக் கேட்டுக் கை இயங்கும்போது தான் அது நெஞ்சில் ஊன்றுகிறது. பேச வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் அப்போது இல்லை. குழந்தை தவறினால் திருத்தாமல், பாடத்தை இனிதே நிறுத்தி, வேறொரு நாள் முதற்படியிலிருந்து தொடங்குவதே முறை.

எந்த இரண்டை முதலில் எடுப்பது என்பதிலும் விவேகம் வேண்டும். கண்ணுக்கு நெருங்கிய வர்ணங்களை மட்டுமன்றி, காதுக்கு நெருங்கிய பெயர்களையும் ஒரே நாளில் சேர்க்கலாகாது. 'ப்ளூ'வும் 'ப்ளாக்'கும், 'கிரீன்' என்பதும் 'கிரே' என்பதும் ஒரே ஒலியில் தொடங்குவதால், புதிய பாஷையின் ஓசையே பழகாத நம் குழந்தைகள் அவற்றைக் குழப்பிக்கொள்வது இயல்பே.

மூன்றாம் பெட்டிக்கு வரும்போது பெயர்களோடு ஒப்பீடும் சேர்கிறது. ஏழு நீலங்களை வரிசைப்படுத்திய குழந்தைக்கு 'டார்க்', 'லைட்' என்னும் சொற்களையும், அடுத்தடுத்த பலகைகளைக் காட்டி 'டார்க்கர்', 'லைட்டர்' என்பவற்றையும், இலக்கணம் என்ற பேச்சே எடுக்காமல் கொடுத்துவிடலாம். அதன் பிறகு ஒரு பலகையைக் கையில் தந்து, அதே சாயலில் வகுப்பறையிலோ தோட்டத்திலோ ஏதேனும் உண்டா என்று தேடி வரச் சொன்னால், புத்தக அட்டை, மாங்கொழுந்து, தோழியின் ரிப்பன் என ஒவ்வொன்றின் அருகிலும் அதைப் பிடித்துப் பார்த்துக் குழந்தை அந்தச் சொல்லைத் தானாகவே சொல்லத் தொடங்குகிறது.