ஆர்.என்.ஏ. பாலிமரேஸ்: மூன்று நொதிகளும் நிப்பா வைரஸ் தரும் பாடமும்



'படியெடுத்தல்' பற்றித் தேர்வில் கேட்டால், "ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் டி.என்.ஏ.வைப் படித்து ஆர்.என்.ஏ. உருவாக்கும்" என்ற ஒரு வரியோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். வரி சரிதான், ஆனால் முழு மதிப்பெண் கிடைக்காது. விலங்கு உயிரணுவின் உட்கருவில் இந்த நொதி மூன்று வகை. அவை டி.என்.ஏ.வைப் படிக்கவே அமைந்தவை என்பது எவ்வளவு முக்கியம்? அதற்கு நம்ம ஈப்போ வட்டாரத்திலேயே ஒரு சான்று இருக்கு.

1. என்ன வேலை?

எங்க புந்தோங் கச்சாங் பூத்தேவுக்குப் பேர் போன இடம். அப்படி ஒரு கடையை நினைச்சுக்குங்க. செய்முறை எழுதிய மூல நோட்டுப் புத்தகம் அலமாரியை விட்டு வெளியே வராது. அன்றைக்கு முறுக்கு போடணும்னா, அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அடுப்படிக்கு அனுப்புவார்கள். மூல நோட்டுதான் டி.என்.ஏ.; சீட்டு ஆர்.என்.ஏ.; அடுப்படி ரைபோசோம். சீட்டு எழுதுபவர்தான் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ்.

2. அமைப்பு

பாலிமரேஸ் II நொதியில் 12 துணை அலகுகள் உள்ளன. பெரிய இரண்டும் சேர்ந்து நண்டுக் கொடுக்கு போன்ற பிளவை உண்டாக்குகின்றன. டி.என்.ஏ. அந்தப் பிளவுக்குள் நுழைந்து, இரு இழைகளும் அங்கே சிறிது தூரம் பிரிகின்றன. உள்ளே இருக்கும் மெக்னீசிய அயனிகளின் உதவியோடு நியூக்ளியோடைடுகள் ஒவ்வொன்றாக இணைகின்றன. ஆர்.என்.ஏ. 5′ முனையிலிருந்து 3′ முனை நோக்கி வளரும். டி.என்.ஏ. பாலிமரேஸைப் போல இதற்குப் பிரைமர் தேவையில்லை. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மிகப் பெரிய துணை அலகுக்கு ஒரு வால் உண்டு. மனிதரில் 7 அமினோ அமிலங்கள் கொண்ட தொடர் அதில் 52 முறை வருகிறது. புதிய ஆர்.என்.ஏ.வுக்குத் தொப்பி போடும் நொதிகளும், வெட்டி ஒட்டும் புரதங்களும் இந்த வாலைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கின்றன. ஈஸ்டின் பாலிமரேஸ் II அமைப்பை வெளிக்கொணர்ந்த ரோஜர் கோர்ன்பெர்க், 2006-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். நம் உயிரணுவில் உள்ளதும் ஏறக்குறைய அதே அமைப்புதான்.

3. வேலைப் பங்கீடு

1969-இல் ராபர்ட் ரோடர், வில்லியம் ரட்டர் இருவரும் மூன்று வகைகளையும் தனித்தனியே பிரித்துக் காட்டினார்கள்.

• பாலிமரேஸ் I: நியூக்ளியோலஸில் இயங்கும்; ரைபோசோமுக்கான பெரிய ஆர்.என்.ஏ.க்களை உருவாக்கும்.
• பாலிமரேஸ் II: புரதங்களுக்கான தூது ஆர்.என்.ஏ.வை உருவாக்கும்.
• பாலிமரேஸ் III: கடத்து ஆர்.என்.ஏ., 5எஸ் ரைபோசோம் ஆர்.என்.ஏ. போன்ற சிறியவற்றை உருவாக்கும்.

மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனியாக ஒன்று உண்டு. ஒருவகை நச்சுக் காளானில் உள்ள ஆல்ஃபா அமானிட்டின் பாலிமரேஸ் II-ஐ மிக எளிதில் முடக்கும். III-ஐ முடக்க அதிக அளவு வேண்டும். I பெரும்பாலும் பாதிக்கப்படாது. ஆய்வகத்தில் மூன்றையும் பிரித்தறிய இது உதவுகிறது.

4. நிப்பா சொல்வது என்ன?

1998 செப்டம்பர் இறுதியில் ஈப்போ அருகே பன்றிப் பண்ணைத் தொழிலாளர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே நினைத்து, கொசு ஒழிப்பும் தடுப்பூசியும் நடந்தன. நோய் அடங்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரஸைக் கண்டுபிடித்தார். நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அதற்கு வந்தது. மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன.

நிப்பாவின் மரபுப்பொருள் டி.என்.ஏ. அல்ல, ஓரிழை ஆர்.என்.ஏ. அதுவும் எதிர்மறை இழை, அதாவது தூது ஆர்.என்.ஏ.வுக்கு நிரப்பு இழை. கண்ணாடியில் தெரியும் எழுத்து மாதிரி. ரைபோசோமால் அதை அப்படியே படிக்க முடியாது. நம் பாலிமரேஸ் மூன்றும் உட்கருவில் டி.என்.ஏ.வோடு இருக்க, நிப்பா பெருகுவதோ சைட்டோபிளாசத்தில். ஆர்.என்.ஏ.வைப் பார்த்துத் தூது ஆர்.என்.ஏ. எழுதித் தரும் நொதி அங்கே இல்லை. அப்புறம் எப்படிப் பெருகுது? தன் பாலிமரேஸைத் தன் துகளுக்குள்ளேயே கொண்டு வருகிறது! கடைக்குள் நுழைந்தவன் சீட்டையும் கொண்டு வந்து, எழுதும் ஆளையும் கூட்டிக்கொண்டு வந்த கதைதான்.

இந்த வேறுபாடே மருத்துவத்துக்கு ஒரு வழி. நம் பாலிமரேஸைத் தொடாமல் வைரஸின் பாலிமரேஸை மட்டும் தடுக்கும் மருந்தைத் தேடுகிறார்கள். ரெம்டெசிவிர் அந்த வகை; ஆய்வில் நிப்பா செலுத்தப்பட்ட குரங்குகளை அது காப்பாற்றியது.

5. பயிற்சிக்கு

அ. பாலிமரேஸ் II மட்டும் முடங்கினால் எந்த ஆர்.என்.ஏ. உருவாக்கம் முதலில் நிற்கும்?
ஆ. நிப்பாவின் ஆர்.என்.ஏ.வை மட்டும், நொதி இல்லாமல், உயிரணுவுக்குள் செலுத்தினால் வைரஸ் பெருகுமா? காரணம் கூறுக.

இரண்டாவது கேள்விக்குக் காரணத்தோடு விடை எழுதும் மாணவருக்குப் படியெடுத்தல் புரிந்துவிட்டது என்று நம்பலாம். ஆசிரியர்கள் விடையைச் சொல்லிவிடாமல், வகுப்பில் முதலில் விவாதிக்க விடுங்கள்.