ரேடியோ நெல் முதல் யூடியூப் வரை!

தஞ்சாவூர்ப் பக்கம் வயதான விவசாயிகளுக்கு 'ரேடியோ நெல்' என்றால் தெரியும். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1960-களின் நடுவில் வந்த ஏ.டி.டி-27 ரகத்துக்கு ஊர் வைத்த பெயர் அது. ஏறக்குறைய 105 நாள்களில் அறுவடைக்கு வரும் குறுவை ரகம். வானொலியின் பண்ணை ஒலிபரப்பைக் கேட்டே அது ஊர் ஊராகப் பரவியதால், எண்ணை மறந்துவிட்டு ரேடியோவையே பெயராக்கிவிட்டார்கள்.

அன்றைக்கு ரேடியோ பெட்டி எல்லார் வீட்டிலும் கிடையாது. பஞ்சாயத்து ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும். பண்ணைச் செய்தி முடிந்ததும் பாட்டு. சொன்னது புரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்கலாம். 'அது நம்ம களிமண்ணுக்குச் சரிப்படாதுப்பா' என்று சொல்ல ஒரு பெரியவரும் அங்கே இருப்பார். பின்னால் தூர்தர்ஷனில் 'வயலும் வாழ்வும்' வந்தபோதும், டி.வி. இருந்த வீட்டுத் திண்ணையில் கூட்டம் கூடித்தான் பார்த்தது.

2016 செப்டம்பருக்குப் பிறகு நிலைமை தலைகீழ். அதுவரை ஒரு ஜி.பி. டேட்டாவை மாதம் முழுக்கச் சிக்கனமாகச் செலவழித்தவர்கள், அதே அளவை ஒரே நாளில் தீர்க்க ஆரம்பித்தார்கள். இன்று கேள்வி கேட்டால் நொடியில் பதில். பதில் ஒன்றல்ல, நூறு. ஆனால், பக்கத்தில் இருந்து மறுப்புச் சொல்ல ஆள் இல்லை. ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பார்க்கிறார், தனித்தனியாக முடிவெடுக்கிறார்.

படைப்புழு வந்த வருடம்

இதனால் கிடைத்த நன்மையைக் குறைத்துச் சொல்ல முடியாது. 2018 மே மாதம் கர்நாடகாவின் சிவமொக்கா பகுதியில் அமெரிக்கன் படைப்புழு இந்தியாவிலேயே முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. அதே வருடம் தமிழ்நாட்டு மக்காச்சோள வயல்களுக்கும் வந்து சேர்ந்தது. குருத்துக்குள் மரத்தூள் போல எச்சம், ஓட்டை ஓட்டையாக இலைகள். நம் ஊர் அனுபவசாலிகள் யாருக்கும் அதைத் தெரியாது, தெரிந்திருக்கவும் வழியில்லை. அந்த நேரத்தில் கைகொடுத்தது செல்போன் படம்தான். தலையில் தலைகீழான 'ஒய்' எழுத்து மாதிரி ஒரு கோடு, வாலுக்குப் பக்கத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். இந்த இரண்டு அடையாளங்களும் வாட்ஸ்அப்பில் சுற்றிய வேகத்துக்கு எந்தத் துண்டுப்பிரசுரமும் ஈடுகொடுத்திருக்க முடியாது. 2016-லேயே இந்தப் புழு ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டதால், அங்குள்ள விவசாயிகள் குருத்தில் மணலும் சாம்பலும் போடும் வீடியோக்களைக்கூட நம் ஆட்கள் பார்த்தார்கள்.

சிக்கல் அடுத்த கட்டத்தில்தான் தொடங்கியது. புழு எது என்று படம் சொல்லிவிடும். எந்த மருந்து, எவ்வளவு, பயிரின் எந்த வயதில் என்பதை உங்கள் வயலைப் பார்க்காதவர் சொல்வதில்தான் கை சுட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஏக்கரா, ஹெக்டேரா?

வீடியோவில் பேசுபவர் 'ஹெக்டேருக்கு இவ்வளவு' என்கிறார். கேட்பவர் மனதில் ஓடுவது ஏக்கர். ஒரு ஹெக்டேர் என்பது 2.47 ஏக்கர். அந்த அளவை அப்படியே ஒரு ஏக்கரில் தெளித்தால் இரண்டரை மடங்கு மருந்து போய்விடும். காசும் போகும், பயிரும் கருகும், தெளிப்பவர் உடம்பும் கெடும். டெல்டாவில் இன்னும் 'மா' கணக்கு புழங்குகிறது. ஏறக்குறைய மூன்று மா ஓர் ஏக்கர். ஆக, ஒரே எண் மூன்று ஊரில் மூன்று அர்த்தம். விசைத்தெளிப்பானுக்குத் தண்ணீர் குறைவு என்பதால் கரைசல் அடர்த்தியாக இருக்கும். அதே கரைசலைக் கைத்தெளிப்பானில் ஊற்றி அடித்தாலும் இதே கதைதான்.

இன்னொன்று, மருந்து பாட்டிலில் காலாவதித் தேதி உண்டு. வீடியோவுக்குக் கிடையாது. மோனோகுரோட்டோபாஸை காய்கறிப் பயிர்களில் பயன்படுத்த 2005-லேயே தடை வந்துவிட்டது. எண்டோசல்பானை 2011-ல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. ஆனால், எப்போதோ எடுத்த வீடியோ இன்றைக்குப் புதிது போலவே திரையில் வந்து நிற்கும். வீடியோவுக்குக் கீழே அது பதிவான தேதி இருக்கிறது. முதலில் அதைப் பார்க்க வேண்டும். பிறகு பாட்டிலோடு வரும் தாளில் அந்தப் பயிரின் பெயர் இருக்கிறதா, தெளித்து எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்றும் பார்த்துவிட வேண்டும். எழுத்து பொடியாக இருந்தால், செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் படிக்கலாம். அந்தக் கருவி அதற்கும் உதவும்தானே!

சந்தேகம் தீராவிட்டால் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்குச் செடியைப் பிடுங்கி எடுத்துக்கொண்டே போகலாம். கிசான் கால் சென்டரின் 1800-180-1551 கட்டணமில்லா எண்ணில், காலை 6 முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே கேட்கலாம்.

விலை தெரிந்து என்ன செய்ய?

ஒட்டன்சத்திரத்தில் தக்காளி என்ன விலை, கோயம்பேட்டில் என்ன விலை என்பது இப்போது விடிவதற்குள் கைக்கு வந்துவிடுகிறது. பெட்டி என்றால் எத்தனை கிலோ என்பது சந்தைக்குச் சந்தை மாறும், அதைக் கேட்டுக்கொள்வது நல்லது. மஞ்சள் வைத்திருப்பவருக்கு இந்தத் தகவல் பணம். விலை இறங்கினால் மூட்டையை இருப்பு வைத்து, ஏறும்போது ஈரோட்டுக்கு அனுப்பலாம். தக்காளிக்காரருக்கு அப்படியா? விலை தெரிந்தாலும் பழம் காத்திருக்காது. முன்பு விலை தெரியாமல் நஷ்டப்பட்டார், இப்போது தெரிந்தே நஷ்டப்படுகிறார். இதற்குக் குளிர்பதனக் கிடங்கும் வண்டி வாடகைக்குக் கூட்டாளிகளும் வேண்டும். டேட்டா மட்டும் போதாது.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது கரண்டும் போனது, டவரும் போனது. பரணில் கிடந்த பேட்டரி ரேடியோவைத் தேடி எடுத்தவர்கள் உண்டு. கடலோர மாவட்டக்காரர்கள் அதைத் தூக்கிப் போடாமல் இருப்பது நல்லது.

வீட்டுக்கு ஒரே ஸ்மார்ட்போன் என்றால் அது யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் வீட்டுக்காரர் சட்டைப் பையில், சாயங்காலத்துக்கு மேல் பிள்ளைகள் கையில். மாட்டுக்கு மடிநோய் வந்ததை முதலில் பார்ப்பது பால் கறக்கும் பெண். அவருக்கு அந்த வீடியோ போய்ச் சேர்வதில்லை.

மோட்டார் கொட்டகையில் பாட்டு

மும்முனை மின்சாரம் ராத்திரியில் வரும் ஊர்களில், தண்ணீர் கட்டுபவருக்குத் துணை பாட்டுதான். டிரான்சிஸ்டர் காலத்தில் பதினொரு மணி சுமாருக்கு நிலையம் மூடிவிடும். அப்புறம் தவளைச் சத்தம் மட்டும். கேசட் வந்தபோது, வேண்டிய பாட்டைத் தாளில் எழுதி டவுன் கடையில் கொடுத்துவிட்டு, பதிவாகி வரும்வரை காத்திருந்தார்கள். இப்போது 1976-ல் வந்த 'அன்னக்கிளி' பாட்டும் கிடைக்கும், நேற்று வந்த பாட்டும் கிடைக்கும், விடிய விடியக் கேட்கலாம். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு வரப்பில் நடப்பதை மட்டும் விட்டுவிட வேண்டும். மோட்டார் வெறுமனே ஓடும் சத்தமும் கேட்காது, பாம்பின் சீறலும் கேட்காது.

இத்தனை பாட்டு இருந்தும் நெட்டில் கிடைக்காத பாட்டு ஒன்று உண்டு. அது உங்கள் ஊர் நடவுப் பாட்டு. கொல்லங்குடி கருப்பாயி போன்றவர்களின் குரல் வானொலியிலும் சினிமாவிலும் பதிவானதால் நிலைத்தது. மற்ற ஊர்களில் குனிந்து நட்ட பெண்கள் பாடிய பாட்டும், இட்ட குலவையும் நடவு இயந்திரம் வந்ததோடு நின்றுபோயின. அந்தப் பாட்டில் ஊர் ஏரியின் பெயர், மடையின் பெயர், விதைத்த நெல்லின் பெயர் எல்லாம் இருக்கும். பாடத் தெரிந்தவர்களுக்கு இப்போது எழுபதுக்கு மேல் வயது.

பதிவு செய்வது பெரிய வேலை இல்லை. செல்போனிலேயே குரல்பதிவு வசதி இருக்கிறது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, பாடுபவருக்கு ஒரு முழ தூரத்தில் போனை வைத்தால் போதும். பாட்டுக்கு முன்னால் ஊர், தேதி, பாடுபவர் பெயர் மூன்றையும் சொல்லிப் பதிந்துவிட வேண்டும். நெட்டில் போடலாமா என்று அவரையே கேட்டுக்கொள்ள வேண்டும். தாலாட்டு, நடவு, ஏற்றம் எல்லாம் திண்ணையிலேயே பாடிவிடுவார்கள். ஒப்பாரியை மட்டும் வீட்டுக்குள் பாடச் சொன்னால் எந்தப் பாட்டியும் சம்மதிக்க மாட்டார். அதற்கு அவரைக் களத்துமேட்டுக்கோ கிணற்றடிக்கோதான் அழைத்துப் போக வேண்டும்.