ஆணியைத் தானே எடுத்துக்கொள்ளும் சுத்தியல்

ஒரு தட்டுக்கு ஓர் ஆணி இறங்கும். சுத்தியலைத் தூக்கியதும் அடுத்த ஆணி தானாகவே முனைக்கு வந்து நிற்கும். இப்படி வேலை செய்யும் கைக்கருவியை ‘ஹேமர் டாக்கர்’ என்கிறார்கள். நீளமும் எடையும் சுமாரான சுத்தியல் அளவுதான். பிடி மட்டும் உள்ளே கூடாக இருக்கும். அந்தக் கூட்டில் ‘ப’ வடிவக் கம்பி ஆணிகள், அதாவது பெரிய ஸ்டேப்ளர் பின்கள், வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். அவற்றைப் பின்னாலிருந்து ஒரு ஸ்பிரிங் முன்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். மின்சாரமோ காற்றழுத்தமோ தேவையில்லை. கை வீச்சின் வேகமே ஆணியை இறக்குகிறது.

கருவி எளிமையானதுதான். ஆனால் இந்த எளிமை கைகூட நூறாண்டுக்கு மேல் பிடித்தது.

மூன்று கை கேட்கும் வேலை

சாதாரணச் சுத்தியலுக்கு இரண்டு கையும் வேண்டும். ஒரு கை ஆணியை நிறுத்திப் பிடிக்க, மறு கை முதலில் மெல்லத் தட்டி ஆணியை ஊன்றவைத்து, பிறகு ஓங்கி அடிக்கும். பலகையோடு பலகையைச் சேர்க்கும் தச்சருக்கு இதில் பெரிய இடைஞ்சல் இல்லை. துணி, தோல், காகிதம், தார்ப்பாய் போன்றவற்றை மரத்தில் வைத்து அடிப்பவருக்குத்தான் சிக்கல். துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் பிடிக்க ஒரு கை, ஆணிக்கு ஒரு கை, சுத்தியலுக்கு ஒரு கை என மூன்று கை வேண்டும். ஏணி மேல் நின்றால், விழாமல் பற்றிக்கொள்ள நான்காவது கையும் தேவைப்படும்.

சோபாவுக்கும் நாற்காலிக்கும் மெத்தை கட்டுபவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். குட்டை ஆணிகளைக் கொஞ்சம் அள்ளி வாயில் போட்டுக்கொள்வார்கள். நாக்காலேயே ஆணியைத் திருப்பி, தலைப்பக்கம் வெளியே தெரியும்படி உதட்டுக்குக் கொண்டுவருவார்கள். காந்தம் ஏற்றிய சுத்தியல் முகத்தை அருகில் கொண்டுபோனால் அது ஆணித் தலையைக் கவ்விக்கொள்ளும். ஒரு தட்டில் ஆணி ஊன்றும். சுத்தியலைத் திருப்பி மறு முகத்தால் அடித்தால் முழுதாக இறங்கும். இதற்கான சுத்தியல் மெலிந்த தலையும் சுமார் 200 கிராம் எடையும் கொண்டது. வாயில் போடுவதற்கென்றே கிருமி நீக்கிய ஆணிகள் மேல்நாடுகளில் பெட்டிகளில் விற்கப்பட்டன.

சுவரொட்டிகளை ஆணியடித்து மாட்டியவர்களும் காந்தச் சுத்தியலையே நம்பினார்கள். துண்டு துண்டாகச் சேர்த்து நீட்டக்கூடிய பிடி இருந்ததால், தரையில் நின்றபடியே உயரத்தில் அடிக்க முடிந்தது. அமெரிக்காவின் செனி நிறுவனம் தச்சர்களுக்காக வேறொரு சுத்தியலைச் செய்தது. அதன் தலைக்குள் இருந்த எஃகுக் குண்டுகள் ஓர் ஆணியைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். இன்றைய சுத்தியல்கள் சிலவற்றின் தலையில் இதே பயனுக்குக் காந்தம் பதித்த ஒரு பள்ளம் இருக்கிறது. இவை எல்லாமே ஒரு நேரத்தில் ஓர் ஆணியைத்தான் பிடிக்கும். அடுத்ததைக் கையாலோ வாயாலோதான் கொடுக்க வேண்டும்.

தடை ஆணியில் இருந்தது

சுத்தியலே ஆணியை எடுத்துக்கொள்ள வேண்டுமானால், ஆணிகள் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும். கொல்லர் உலையில் காய்ச்சி ஒவ்வொன்றாக அடித்த ஆணிகளில் ஒன்று போல இன்னொன்று இராது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் இரும்புத் தகட்டிலிருந்து ஆணியை வெட்டியெடுக்கும் இயந்திரங்கள் வந்தன. மாசசூசெட்ஸைச் சேர்ந்த தாமஸ் பிளாஞ்சார்ட் என்ற இளைஞர் 1806இல் குட்டை ஆணி செய்யும் இயந்திரம் ஒன்றை உருவாக்கினார். அது நிமிடத்துக்கு 500 ஆணிகளை உதிர்த்தது. பிறகு கம்பியை நறுக்கிச் செய்யும் ஆணிகள் வந்தன. 1886இல் அமெரிக்காவில் செய்யப்பட்ட ஆணிகளில் பத்தில் ஒன்றுதான் கம்பி ஆணி. 1913இல் அது பத்தில் ஒன்பதாகிவிட்டது.

அளவு ஒன்றானாலும் வடிவம் ஒத்துழைக்கவில்லை. ஆணியின் தலை அகலம், உடல் ஒல்லி. பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் தலைகள் இடித்துக்கொண்டு வரிசை கோணும். கொட்டி வைத்தால் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். இதற்குக் கண்டுபிடித்த வழி, இரண்டு தண்டுகளுக்கு நடுவே ஒரு சந்து. ஆணியின் உடல் நுழையும், தலை நுழையாது என்ற அளவில் அந்தச் சந்து இருக்கும். ஆணிகளைக் கொட்டிக் குலுக்கினால் முனை கீழே தொங்க, தலை மேலே மாட்டிக்கொள்ள, சரிவில் வரிசையாக வழுக்கி இறங்கும். அடிவாயில் உள்ள ஒரு தடுப்பு ஒவ்வொன்றாக வெளியே விடும்.

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் ஆணி தானாக வரும் கைச்சுத்தியல்கள் பலவற்றுக்குக் காப்புரிமை பெறப்பட்டது. ஆனால் சரிவையும் ஆணியின் எடையையும் நம்பிய அமைப்பு, வீசி அடிக்கும் சுத்தியலுக்கு ஒத்துவரவில்லை. சுத்தியல் சாயும், கவிழும், அதிரும். அப்போதெல்லாம் ஆணி புரண்டு சிக்கும். எளிய காந்தச் சுத்தியலே தொழிலாளர் கையில் நிலைத்தது.

அசையாமல் நிற்கும் இயந்திரத்தில் இதே வழி பெரிய வெற்றி கண்டது. தென் அமெரிக்காவின் சூரிநாம் நாட்டில் 1852இல் பிறந்த யான் மாட்ஸெலிகர், அமெரிக்காவின் லின் நகரில் காலணித் தொழிலாளியாக இருந்தார். காலணியின் மேல்தோலை மரக்கால் அச்சின் மேல் இழுத்து மடித்து ஆணியடிக்கும் வேலையை அன்று கையால்தான் செய்தார்கள். தேர்ந்தவரே நாளொன்றுக்கு 50 ஜோடிதான் முடிப்பார். தோலை இழுத்து, மடித்து, ஆணியைத் தானே எடுத்து அடிக்கும் இயந்திரத்துக்கு மாட்ஸெலிகர் 1883 மார்ச் 20 அன்று காப்புரிமை பெற்றார். அது நாளொன்றுக்கு 150 முதல் 700 ஜோடி வரை முடித்தது. அதன் முழுப் பலனையும் காணாமல் 1889இல், தம் 36ஆவது வயதில், காசநோயால் இறந்தார். ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரக் காலணித் தொழிற்சாலைகளில் ‘லாஸ்டிங்’ எனப்படும் பிரிவு இன்றும் செய்வது இந்த வேலைதான். ஆணியின் இடத்தைப் பெரும்பாலும் பசை பிடித்துவிட்டது.

தலையில்லாத ஆணி

கைச்சுத்தியலுக்கு விடை அலுவலக மேசையிலிருந்து வந்தது. தாமஸ் பிரிக்ஸ் 1896இல் மாசசூசெட்ஸில் பாஸ்டன் வயர் ஸ்டிச்சர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னாளில் இது பாஸ்டிச் என்று பெயர் பெற்றது. கம்பிச் சுருளிலிருந்து துண்டு வெட்டி, மடக்கி, காகிதத்தைத் தைக்கும் இயந்திரங்களைச் செய்த நிறுவனம் இது. பிறகு முன்கூட்டியே மடக்கிய பின்களைப் பசையால் ஒட்டி, நீளக் கட்டையாக விற்கும் முறை பரவியது.

‘ப’ வடிவப் பின்னுக்குத் தலை என்று தனியாக ஒன்று இல்லை. இரண்டு கால், மேலே ஒரு குறுக்குக் கம்பி, அவ்வளவுதான். அதனால் எத்தனை பின்களை ஒட்டினாலும் வரிசை கோணாது. கட்டையாக ஒட்டியிருப்பதால் சுத்தியலைக் கவிழ்த்தாலும் சிதறாது. எடையை நம்பாமல் ஸ்பிரிங்கே தள்ளுவதால் எந்தத் திசையில் அடித்தாலும் ஆணி வரும். ஆணியை மாற்றியதும் சுத்தியலின் சிக்கல் தீர்ந்துவிட்டது.

உள்ளே நடப்பது

ஹேமர் டாக்கரின் தலைக்குள் ஒரு தகட்டு நாக்கு இருக்கிறது. அது மேல்கூட்டோடு இணைந்தது. அதன் தடிமன் ஒரு பின்னின் தடிமனுக்குச் சமம். பின்கள் அடுக்கிய கூடு, பிடியின் பின்பக்கத்தில் கீல் போலப் பொருத்தப்பட்டு, முன்பக்கம் சற்றே கீழே நீட்டிக்கொண்டிருக்கும்.

மரத்தின் மேல் அடித்ததும், நீட்டிக்கொண்டிருக்கும் கூட்டின் மூக்கு முதலில் மோதி நின்றுவிடும். மேல்கூடு வீச்சின் வேகத்தில் தொடர்ந்து இறங்கும். அதோடு நாக்கும் இறங்கி, வரிசையின் முதல் பின்னைப் பசையிலிருந்து பிரித்து மரத்துக்குள் செலுத்தும். தூக்கியதும் ஒரு ஸ்பிரிங் இரண்டு பகுதிகளையும் பழையபடி விலக்கும். நாக்கு மேலே போய் வழிவிட, அடுத்த பின் முன்னே வந்துவிடும். அடிப்பதும் அடுத்ததற்கு ஆயத்தமாவதும் ஒரே அசைவில் முடிகின்றன. காஞ்சிபுரத்துத் தறியின் மேலே உள்ள ஜக்கார்டு பெட்டியும் இந்த வகைதான்: மிதியை ஒரு முறை மிதித்தால் நூல் உயரும், சதுர உருளை கால் சுற்றுத் திரும்பும், அடுத்த இழைக்கான அட்டை வந்து நிற்கும்.

பின்னின் கால் நீளம் பொதுவாக 6 முதல் 12 மில்லிமீட்டர் வரை. கடைகளில் அதிகம் கிடைக்கும் ‘கன் டாக்கர்’ இதன் தம்பி. அதில் கைப்பிடியை அழுத்தும்போது உள்ளிருக்கும் வலுவான ஸ்பிரிங் சுருங்கி, சட்டென்று விடுபட்டுப் பின்னை அடிக்கும். எந்த இடத்தில் குத்த வேண்டுமோ அங்கே வைத்து அழுத்தலாம். ஹேமர் டாக்கர் வேகத்தில் முந்தும், குறியில் பிந்தும்.

நீள ஆணிகளுக்கு இந்தக் கைக்கருவி போதாது. அந்த இடத்தை 1950 முதல் சந்தைக்கு வந்த காற்றழுத்த ஆணித் துப்பாக்கி நிரப்பியது. காகிதம், பிளாஸ்டிக், கம்பி ஆகியவற்றால் கோத்த ஆணிச் சரங்களை அது எடுத்துக்கொள்ளும். அதில் ஆபத்தும் கூடுதல். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 37,000 பேர் ஆணித் துப்பாக்கிக் காயத்தோடு அவசரப் பிரிவுக்கு வருவதாக அந்நாட்டு அரசின் பணிப் பாதுகாப்பு அமைப்புகள் 2011இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது.

காஞ்சிபுரத்தில் எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

கோயில் நகரமான காஞ்சிபுரத்தில் பந்தலும் மேடையும் ஓயாத வேலை. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை நடந்த அத்திவரதர் வைபவத்துக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அவர்கள் வரிசையில் நிற்கப் பந்தல்கள் போடப்பட்டன. சவுக்குக் கம்பும் மூங்கிலும் தென்னங்கீற்றும் கொண்டு போடும் பழைய பந்தலுக்கு ஆணி வேண்டாம், கயிற்றுக் கட்டே போதும். அவிழ்த்தால் கம்பு ஓட்டையில்லாமல் மறுபடி உதவும். பிளைவுட் சட்டத்தில் துணி இழுத்து அடிக்கும் மேடைப் பின்னணிக்கும், விளம்பரப் பலகைக்கும்தான் டாக்கர் பொருந்தும். நெசவு அறிந்தவர்களுக்கு இதில் ஒரு நுட்பம் எளிதில் விளங்கும். பின்னைத் துணியின் இழைக்கு நேராகக் குத்தாமல் சாய்வாகக் குத்த வேண்டும். அப்போதுதான் குறுக்குக் கம்பி பாவு நூலையும் ஊடை நூலையும் சேர்த்துப் பிடிக்கும், இழுவையில் துணி கிழியாது.

பட்டுத் துணியில் பின் குத்தவே கூடாது. மெல்லிய இழை அறுந்து ஓட்டை நிலைத்துவிடும், சரிகை சிக்கிப் பிரியும், ஈரம் பட்டால் துருக்கறை ஏறும். பட்டைக் காட்சிக்கு வைப்பதானால் கழியில் தொங்கவிடுவதே முறை.

சுவாமி வாகனங்களுக்கும் இந்தக் கருவி உதவாது. மர வாகனத்தின் மேல் செம்பு, பித்தளை, வெள்ளித் தகடு போர்த்தும்போது, தகட்டை மரச் செதுக்கலின் மேடு பள்ளத்துக்கு ஏற்பத் தட்டிப் படியவைத்து, விளிம்பில் சிறு ஆணிகளால் இறுக்குவார்கள். ஒவ்வோர் ஆணியின் இடமும் அடியின் அழுத்தமும் வேறு. ஆணியின் உலோகமும் கவனிக்க வேண்டியது. செம்புத் தகட்டில் இரும்பு ஆணி அடித்தால், ஈரத்தில் இரும்பு விரைவாக அரிக்கும். பிரிட்டனின் ‘அலாரம்’ என்ற போர்க்கப்பலுக்கு 1761இல் செம்புத் தகடு போர்த்திப் பார்த்தபோது, தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் இற்றுப்போய் இந்தப் பாடத்தைக் கற்பித்தன.

ஒரு கையை மிச்சப்படுத்தும் கருவி எல்லா வேலைக்கும் ஒத்துவராது என்பதைத் தறியே காட்டும். 1733இல் ஜான் கே கண்டுபிடித்த பறக்கும் நாடா, ஒரு கையால் கயிற்றை இழுத்து நாடாவை ஓடவிட வழி செய்தது. ஆனால் காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடாக்கள் வேண்டும், நெசவாளரோடு துணைக்கு இன்னொருவரும் உட்கார வேண்டும். ஒரே அசைவு திரும்பத் திரும்ப வரும் இடத்தில் தானியங்கி அமைப்பு கைகொடுக்கும். ஒவ்வோர் இழையிலும் நிறம் பார்த்துக் கோக்க வேண்டிய இடத்தில் கைதான் வேண்டும்.

வாங்குபவர் கவனிக்க வேண்டியவை

பின்னின் அளவு கருவிக்குக் கருவி வேறுபடும். பொருந்தாத பின் உள்ளே சிக்கும் என்பதால், கருவியில் குறித்துள்ள எண்ணைப் பார்த்தே பின் வாங்க வேண்டும். தேக்கு போன்ற கெட்டி மரத்தில் நீளக் கால் மடங்கிவிடும், குட்டைக் காலே நல்லது. வெயில் மழை படும் இடத்துக்குத் துத்தநாகப் பூச்சுள்ள பின்னோ துருப்பிடிக்காத எஃகுப் பின்னோ வேண்டும். மின்கம்பி ஓடும் இடத்தில் அடிக்கக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து அடிப்பதும், துணியைப் பிடித்த கையை அடி விழும் இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பதும் அவசியம். சிக்கிய பின்னை எடுக்கும் முன் ஸ்பிரிங்கை வெளியே எடுத்துவிட வேண்டும்.

நூறு இடத்தில் ஒரே மாதிரி, சீக்கிரமாகக் குத்த வேண்டுமானால் ஹேமர் டாக்கர். சொன்ன இடத்தில் பிசகாமல் குத்த வேண்டுமானால் கன் டாக்கர். கனமான பலகைக்கும் வேலைப்பாடு மிகுந்த தகட்டுக்கும் கைக்கருவிகளில் பழைய சுத்தியலை விட்டால் வேறு வழியில்லை.