‘சிக்னல் இல்லை’ என்றால் எது இல்லை?

காற்றலை – 11

“வண்டி எங்கப்பா நிக்குது?” என்று டிரைவருக்குப் போன் போட்டுக் கேட்ட காலம் சங்ககிரியில் மலையேறிவிட்டது. நாக்பூருக்கு லோடு ஏற்றிப்போன லாரி, ஓனரின் செல்போன் திரையில் ஒரு புள்ளியாக நகர்கிறது. அந்தப் புள்ளி நடுவழியில் உறைந்து ‘சிக்னல் இல்லை’ என்று காட்டும்போதுதான் தகராறு. டிரைவர் ஏதோ செய்துவிட்டார் என்பது ஓனரின் சந்தேகம். “பொட்டி எடுக்கலைன்னா நான் என்னங்க பண்றது?” என்பது டிரைவரின் பதில்.

யார் சொல்வது சரி? அந்த டிராக்கர் பெட்டிக்குள்ளேயே இதற்கு ஒரு சாட்சி உட்கார்ந்திருக்கிறது. அதன் பெயர் ஏ.ஜி.சி., அதாவது ஆட்டோமேட்டிக் கெயின் கன்ட்ரோல். வரும் அலையை எத்தனை மடங்கு பெருக்குவது என்பதைத் தானே முடிவு செய்யும் சுற்று.

இதற்கு வயது ஏறக்குறைய நூறு. பழைய ரேடியோவில் உள்ளூர் நிலையம் வீறிடும், தொலைதூர நிலையம் முனகும், ராத்திரியில் ஒரே நிலையம் ஏறி ஏறி இறங்கும். கை எப்போதும் குமிழிலேயே இருக்க வேண்டும். 1920-களின் நடுவில் அமெரிக்கப் பொறியாளர் ஹரால்டு வீலர் அந்த வேலையை ரேடியோவிடமே ஒப்படைத்தார். அலை பலமாக வந்தால் பெருக்கத்தைக் குறைத்துக்கொள்ளும், மெலிந்தால் கூட்டிக்கொள்ளும். 1929-இல் ஃபில்கோ 95 என்ற ரேடியோ இந்த வசதியோடு கடைக்கு வந்தது.

பாட்டுக் கேட்கிற ரேடியோவுக்கு அவசரம் கிடையாது. ஒரு விநாடி தாமதமானாலும் யாரும் கவலைப்படப்போவதில்லை. டிஜிட்டல் ரிசீவரின் கதை வேறு. அலையை அது எண்களாக மாற்றியாக வேண்டும். பெருக்கம் கூடிப்போனால் அலையின் உச்சி வெட்டுப்படும். குறைந்துபோனால் எண்களின் கடைசிப் படிக்கும் கீழே அலை அமுங்கிவிடும். செய்தியில் ஓர் எழுத்தைப் படிப்பதற்கு முன்பே அளவு சரியாகியிருக்க வேண்டும். அதனால்தான் இன்றைய வைஃபையில், ஒவ்வொரு செய்திப் பொட்டலமும் 0.8 மைக்ரோ விநாடி நீளமுள்ள ஒரே வடிவத்தைப் பத்துத் தடவை அனுப்பிவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறது. மொத்தம் 8 மைக்ரோ விநாடி. அதில் சேதி எதுவும் கிடையாது. ‘யாரோ பேசுகிறார்கள்’ என்று கண்டுகொள்ளவும் பெருக்கத்தை நிலைநிறுத்தவும் ரிசீவருக்குக் கொடுக்கும் அவகாசம் அது. நிறுத்திய அளவை அந்தப் பொட்டலம் முடியும்வரை ரிசீவர் பெரும்பாலும் தொடாது.

லாரியின் இடத்தைக் காட்ட டிராக்கர் நம்பியிருக்கும் ஜி.பி.எஸ். இதற்கு நேர்மாறு. செயற்கைக்கோள் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. தரைக்கு வந்து சேரும்போது அதன் திறன் ஒரு வாட்டில் நூறு கோடி கோடியில் ஒரு பங்குதான். ரிசீவரில் இயல்பாகவே இருக்கும் இரைச்சல் இதைவிடச் சுமார் நூறு மடங்கு பெரிது. ஆக, ஏ.ஜி.சி. அளப்பது இரைச்சலைத்தான். நம் ஊர் வே பிரிட்ஜ் மாதிரி: ஏறி நிற்கும் மொத்த எடையைச் சொல்லும், தார்ப்பாய்க்குக் கீழே இருப்பது சிமென்டா உப்பா என்று அதற்குத் தெரியாது.

பல ஜி.பி.எஸ். சிப்புகள் அலையை வெறும் நான்கே படிகளில் எண்ணாக்குகின்றன: நடுவில் இரண்டு, ஓரத்தில் இரண்டு. எண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஓரப் படிகளில் விழும்வரை ஏ.ஜி.சி. பெருக்கத்தை ஏற்றி இறக்கும். அது ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் தேடல் ஒழுங்காக நடக்கும். ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் 1,023 துண்டுகள் கொண்ட சங்கேதம் ஒன்று உண்டு. மில்லி விநாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். அந்தச் சங்கேதத்தை இரைச்சலின் மேல் நகர்த்தி நகர்த்தி வைத்து, எங்கே பொருந்துகிறது என்று ரிசீவர் பார்க்கும்.

இப்போது தகராறுக்கு வருவோம். சங்ககிரி, திருச்செங்கோடு பட்டறைகளில் பாடி கட்டும்போது ஆன்டெனா இரும்புத் தகட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டது என்று வையுங்கள். செயற்கைக்கோள்கள் மறைந்துவிடும். ஆனால் இரைச்சலில் பெரும்பங்கு ரிசீவருக்குள்ளேயே பிறப்பதால், ஏ.ஜி.சி. எண், அதாவது அது வைத்திருக்கும் பெருக்கத்தின் அளவு, பெரிதாக அசையாது. பெருக்கத்தைக் கூட்டியும் பயனில்லை, கூடவே இரைச்சலும் பெருகும். மாறாக, ஜி.பி.எஸ். அலையை அமுக்க, சிகரெட் லைட்டர் துளையில் செருகும் ஜாமரை யாராவது போட்டால், வெளியிலிருந்து ஆற்றல் வந்து கொட்டும். ஏ.ஜி.சி. பெருக்கத்தைச் சட்டென்று கீழே இறக்கும். திரையில் இரண்டும் ‘சிக்னல் இல்லை’தான். பெட்டிக்குள் இரண்டும் வெவ்வேறு.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. அமெரிக்காவின் நியூவார்க் விமான நிலையத்தில், விமானங்கள் இறங்க உதவும் ஜி.பி.எஸ். துணைக்கருவிக்கு 2012-இல் இடைஞ்சல் வந்தது. தேடிப் பிடித்தபோது, தன் முதலாளி கண்காணிக்காமல் இருக்க ஒரு டிரைவர் கம்பெனி வண்டியில் ஜாமர் வைத்திருந்தது தெரிந்தது. 2013-இல் அவருக்கு விதித்த அபராதம் 31,875 டாலர். இந்தியாவிலும் தனியார் ஜாமர் வைத்திருப்பது சட்டவிரோதம்.

ஏ.ஜி.சி. எண் இறங்கியதாலேயே டிரைவர் மேல் பழி போட முடியாது. பக்கத்தில் பழுதான மின்னணுக் கருவி இருந்தாலும், அடுத்த வண்டியில் ஜாமர் இருந்தாலும் அதே இறக்கம்தான். ஆனால் எண் அசையாமல் செயற்கைக்கோள்கள் மட்டும் மறைந்திருந்தால், முதலில் பார்க்க வேண்டியது ஆன்டெனாவையும் அதை மாட்டிய இடத்தையும். டிரைவரை அப்புறம் விசாரிக்கலாம்.

பல ஜி.பி.எஸ். சிப்புகள் இந்த எண்ணை வெளியே தருகின்றன. ஆண்ட்ராய்டு 8 முதல் செல்போன்களிலும் இதைப் படிக்க வழி உண்டு. அடுத்த முறை டிராக்கர் வாங்கும்போது விலையோடு இதையும் கேளுங்கள்: “ஏ.ஜி.சி. அளவைப் பதிவு பண்ணி வைக்குமா?” ஓனருக்கு எவ்வளவு பிரயோஜனமோ, தப்பு செய்யாத டிரைவருக்கும் அவ்வளவு பிரயோஜனம்.

(அடுத்த வாரம்: பேட்டரியே இல்லாத ஃபாஸ்டேக், டோல்கேட்டில் எப்படிப் பேசுகிறது?)