கரிசலில் எழும் வீடும் காண்ட்ராக்டரின் பொறுப்பும்

கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் மண், சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்து, ஐப்பசி மழையில் அவ்வெடிப்புகளை மூடிக்கொண்டு உப்பி எழும் சுபாவம் உடையதாதலால், பருத்திக்கும் உளுந்துக்கும் உகந்த அந்நிலமே வீட்டுச் சுவருக்கு ஓயாத பரீட்சையாக அமைந்துவிடுகிறது. ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் கீறலையும், மழைக்காலத்தில் நிலையோடு இறுகிச் சாத்த வராத கதவையும் இங்கே புதுக் கட்டடங்களிலேயே பார்க்கலாம். மதுரை–திருநெல்வேலி நாற்கரச் சாலையை நம்பி மனை வாங்கி, தாம் வெளியூரில் இருந்துகொண்டே வாடகைக்கோ விற்பனைக்கோ வீடு எழுப்ப முனைவோர், “லைசென்ஸ் உள்ள காண்ட்ராக்டராகப் பார்த்துச் சொல்லுங்கள்” என்று விசாரிப்பது இயல்பே.

ஆனால், தனியார் வீடு கட்டித் தருபவருக்கென்று அப்படியொரு லைசென்ஸ் தமிழ்நாட்டில் கிடையாது. கலிபோர்னியாவில் காண்ட்ராக்டர்களுக்கு உரிமம் வழங்கவே ஓர் அரசு வாரியம் இருந்து, தேர்வில் தேறி ஜாமீன் பத்திரமும் கொடுத்தவருக்கே அதை அளிக்கிறது. நம் பொதுப்பணித் துறை வகுப்புவாரியாகக் காண்ட்ராக்டர்களைப் பதிவு செய்வதோ அரசாங்க டெண்டருக்காக மட்டுமே. வரைபடத்தில் கையெழுத்திடும் பொறியாளருக்குப் பதிவு உண்டு. வயரிங் வேலைக்கு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் லைசென்ஸ் உண்டு. வாணம் தோண்டிச் சுவர் எழுப்பும் மேஸ்திரிக்கு எதுவும் இல்லை. 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தின்படி, 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்கு, முன்கூட்டிய தள ஆய்வு இல்லாமலே இணையவழியில் அனுமதி கிடைத்துவிடுகிறது. அலைச்சலைக் குறைத்த நல்ல ஏற்பாடு இது என்பதில் சந்தேகமில்லை. எனினும் அந்த அனுமதிச் சீட்டை மண்ணின் தன்மைக்கோ வேலையின் தரத்துக்கோ அத்தாட்சியாகக் கொள்வது பெரும் பிழை.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், கட்டி விற்பவர் வீட்டை ஒப்படைத்த ஐந்தாண்டுகளுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறைகளை இலவசமாகச் சரிசெய்து தரவேண்டும் என்கிறது. ஆயின், 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில் எழும் ஓரிரு வீடுகளுக்கு அச்சட்டப்படி திட்டப் பதிவு தேவையில்லை. மேலும், தன் மனையில் தானே காண்ட்ராக்டரை அமர்த்திக் கட்டுகிறவருக்கு அந்தக் காண்ட்ராக்டர்மேல் அச்சட்டம் உரிமை எதையும் தருவதில்லை. ஆகவே, அந்த ஐந்தாண்டுப் பொறுப்பைத் தம் ஒப்பந்தத்திலேயே அவர் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே என் திடமான அபிப்பிராயம்.

எழுத வேண்டியவற்றில் முதன்மையானது அஸ்திவாரம். ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் கரிசலுக்கென்றே வளர்த்தெடுத்த முறை ‘அண்டர் ரீம் பைல்’: சுமார் மூன்றரை மீட்டர் ஆழத்துக்குக் குறுகிய துளையிட்டு, அதன் அடிப்பாகத்தை மட்டும் தண்டைப்போல் இரண்டரை மடங்கு அகலத்துக்குக் குடம்போல் குடைந்து, கம்பிக்கூடு இறக்கிக் கான்கிரீட் நிரப்புகிறார்கள். வெயிலும் மழையும் மேல்மண்ணையே அதிகம் ஆட்டிவைப்பதால், ஆழத்தில் பிடித்துக்கொண்ட அந்தக் குமிழ் வீட்டை நிலைநிறுத்துகிறது. தூண்களை இணைக்கும் பீமுக்கு அடியில் இடைவெளி விடுவதும், உப்பும் மண் அதை முட்டித் தூக்காமலிருப்பதற்காகவே. சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி முடிக்கையில், குறைந்த ரேட் சொன்னவர் மிச்சம் பிடிக்க வழி தேடுவது பெரும்பாலும் கண்ணில் படாத இந்த ஆழத்தில்தான்; டைல்ஸிலும் பெயின்டிலும் குறைத்தால் உடனே தெரிந்துவிடும் அல்லவா?

எனவே, மண் பரிசோதனை முடிந்து, பைலா வேறு முறையா என்று பொறியாளர் முடிவு செய்த பிறகே ரேட் பேசுவது உத்தமம். குழியின் ஆழத்தையும் கம்பியின் கனத்தையும் கான்கிரீட் போடும் முன்பே அவர் நேரில் அளந்து, தேதியிட்டுக் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்தைப் பார்க்காமல் அடுத்த தவணையைக் கொடுக்கலாகாது. கடைசித் தவணையில் ஒரு பகுதியை, வீடு ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் கடந்த பின்பே கொடுப்பதாக எழுதிக்கொள்ளலாம். வேலையில் நம்பிக்கையுள்ள காண்ட்ராக்டர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.

வாடகைக்கும் விற்பனைக்கும் கட்டுகிறவர் மற்றொன்றையும் அறிந்திருக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீடு கட்டித் தருவதையும் சேவை என்றே கொள்கிறது. ஆனால் வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவரை நுகர்வோர் என்று ஏற்பதில்லை. ஆதலால் பல வீடுகளைக் கட்டி விற்பவர் நுகர்வோர் ஆணையத்தின் வாசலிலேயே தடுக்கப்படலாம். பிறகு அவர் சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டியிருக்கும். ஒப்பந்தப் பத்திரமும், கையெழுத்திட்ட அளவுக் குறிப்புகளும், பணம் கொடுத்த ரசீதுகளும் கைவசம் இருந்தாலொழிய அங்கே வழக்கை நிரூபிப்பது கடினம்.