அளவைகளும் மலையூர்களும்: தகவல் தொடர்பு வளர்ச்சியை அளப்பது எவ்வாறு?

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவையைப் பகுத்துக் கண்டவர்கள் நம் முன்னோர். அளவுப் பெயர்களுக்கும் நிறைப் பெயர்களுக்கும் முதலாக வரும் எழுத்துகள் ஒன்பது எனத் தொல்காப்பியர் தொகைமரபில் வரையறுத்துக் கூறுகிறார் என்றால், அந்நாளிலேயே அளவைகள் எத்துணைப் பெருகியிருந்தன என்பதை உணரலாம். நெல்லை மரக்காலால் அளந்தோம். வழியைக் காதத்தால் அளந்தோம். ஒரு நாட்டு மக்கள் செய்தியைப் பெறவும் தரவும் பெற்றுள்ள ஆற்றலை எதனால் அளப்பது? இவ்வினாவிற்கு உலக அறிஞர்கள் நாற்பதாண்டுகளாக விடை தேடி வருகின்றனர்.

இது நமக்குத் தொலைவிலுள்ள வினா அன்று. குறிஞ்சி நிலத்துச் சிற்றூரைக் குறிக்கும் ‘குறிச்சி’ என்னும் சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்பது நம் கள்ளக்குறிச்சி. அதன் மேற்கே எழுந்து நிற்பது கல்வராயன் மலை. சமவெளியில் இருப்போர்க்கும் மலைமேல் இருப்போர்க்கும் செய்தி ஒன்றுபோல் சென்று சேர்கிறதா என்பதை அறிய வேண்டுமாயின், அளக்கும் கோலைப் பற்றி முதலில் அறிதல் வேண்டும்.

தொலைபேசி அடர்த்தி

தகவல் தொடர்பு வளர்ச்சியை அளக்க முதலில் எழுந்த எளிய அளவை தொலைபேசி அடர்த்தியாகும். நூறு பேருக்கு எத்தனைத் தொலைபேசி இணைப்புகள் உள்ளன என்பதே அது. 1865-இல் பாரிசில் தோன்றிய அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம், இன்று ஐக்கிய நாடுகள் அவையின் சிறப்பு அமைப்பாக ஜெனிவாவிலிருந்து இயங்குகிறது. அவ்வொன்றியம் அமைத்த, சர் டொனால்டு மெய்ட்லண்டு தலைமையிலான குழு, 1985-இல் ‘விடுபட்ட கண்ணி’ என்னும் பொருள்படும் அறிக்கையை வெளியிட்டது. உலகின் தொலைபேசிகளில் நான்கில் மூன்று பங்கு ஒன்பது நாடுகளிலேயே குவிந்திருந்தன என்றும், ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதிலும் இருந்தவற்றைவிட டோக்கியோ என்னும் ஒரே நகரில் தொலைபேசிகள் மிகுதி என்றும் அது எடுத்துக்காட்டியது. ஒரு கண்டத்தின் ஏழ்மையை ஒரே ஒப்பீட்டால் உலகம் உணர்ந்தது. நல்ல அளவையின் ஆற்றல் அத்தகையது.

அந்நாளில் நம் நாட்டின் நிலையும் மேம்பட்டதாக இல்லை. சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களில் 1882-இலேயே தொலைபேசி இணைப்பகங்கள் தோன்றிய போதிலும் சிற்றூர்கள் நூறாண்டுகள் காத்திருந்தன. 1984-இல் தோன்றிய சி-டாட் நிறுவனம், குளிரூட்டி தேவைப்படாத சிறிய தானியங்கி இணைப்பகத்தை வடிவமைத்தது. பின்னர் எஸ்.டி.டி. பூத்துகள் தெருதோறும் எழுந்தன. 1994-ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை, 1997-க்குள் எல்லாச் சிற்றூர்களுக்கும் இணைப்பு என்னும் இலக்கை வகுத்தது. 1995-இல் கைப்பேசியும் பொதுமக்களுக்கான இணையமும் நம் நாட்டில் அடியெடுத்து வைத்தன.

பழைய கோல் போதாமை

கைப்பேசி பெருகியதும் தொலைபேசி அடர்த்தி என்னும் அளவை தடுமாறத் தொடங்கியது. 2024 மார்ச்சு மாத இறுதியில், இந்திய நகர்ப்புறங்களில் நூறு பேருக்கு ஏறத்தாழ 134 இணைப்புகளும், ஊர்ப்புறங்களில் ஏறத்தாழ 59 இணைப்புகளும் இருந்ததாகத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் கணக்கு காட்டியது. நூறு பேருக்கு 134 என்பது எவ்வாறு பொருந்தும்? ஒருவரே இரண்டு மூன்று சிம் அட்டைகளை வைத்திருப்பதே காரணம். ஆகவே, இணைப்புகளின் எண்ணிக்கை வேறு. இணைக்கப்பட்ட மாந்தரின் எண்ணிக்கை வேறு. ஆப்பிரிக்க நாடுகளிலும் இதே குழப்பம் நேர்ந்தது. அதனால்தான் கேப்டவுன் நகரிலிருந்து இயங்கும் ‘ரிசர்ச் ஐசிடி ஆப்பிரிக்கா’ போன்ற ஆய்வமைப்புகள், நிறுவனங்கள் தரும் கணக்கை மட்டும் நம்பாமல் வீடு வீடாகச் சென்று வினவும் முறையைக் கைக்கொண்டன.

குறியீட்டெண்ணின் அமைப்பு

ஒரு கோல் போதாதெனக் கண்டபின், பல கோல்களை இணைத்து ஒரே எண்ணாக்கும் முயற்சி பிறந்தது. 2009-இல் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம், தகவல் தொடர்புத் தொழில்நுட்ப வளர்ச்சிக் குறியீட்டெண்ணை முதன்முதலாக வெளியிட்டது. அது பதினொரு கூறுகளைக் கொண்டது. அவை மூன்று பிரிவுகளாக அமைந்தன.

முதலாவது அணுக்கம்; தொலைபேசி, கைப்பேசி, வீட்டில் கணினி, வீட்டில் இணையம் முதலியன இதில் அடங்கும். இரண்டாவது பயன்பாடு, இணையத்தை உண்மையில் பயன்படுத்துவோர் எத்தனை பேர், அகன்ற அலைவரிசை இணைப்புகள் எத்தனை என்பன இதன் பாற்படும். மூன்றாவது திறன், மக்களின் பள்ளிக் கல்வி ஆண்டுகள், இடைநிலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் சேர்வோர் விழுக்காடு ஆகியன இதனைக் காட்டும். அணுக்கத்திற்கு நாற்பது, பயன்பாட்டிற்கு நாற்பது, திறனுக்கு இருபது என மதிப்பு வழங்கப்பட்டது. அலகு வேறுபட்ட கூறுகளை நேராகக் கூட்ட இயலாது. எனவே ஒவ்வொன்றிற்கும் ஓர் உயர் எல்லையை வகுத்து, அதில் எத்தனைப் பங்கை ஒரு நாடு எட்டியது எனக் கணக்கிட்டு, மதிப்பிற்கேற்பக் கூட்டிப் பத்திற்கு இத்தனை எனக் கூறுவர்.

2017-இல் வெளியான பட்டியலில் 176 நாடுகள் இடம்பெற்றன. ஐசுலாந்து முதலிடம் பெற்றது. மொரீசியசு 72-ஆம் இடத்துடன் ஆப்பிரிக்காவில் முன்னணியில் நின்றது. எரித்திரியா இறுதியில் நின்றது. இந்தியாவின் இடம் 134. ‘ஆப்பிரிக்கா பின்தங்கியது’ எனப் பொதுப்படப் பேசுவோர் இவ்வரிசையை நோக்கித் தம் கருத்தைத் திருத்திக்கொள்ளலாம். மேலும், பட்டியலில் இந்தியாவுக்குப் பின்னிருந்த கென்யாவில்தான், 2007-ஆம் ஆண்டிலேயே எளிய கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பும் எம்-பெசா முறை வேரூன்றியது. அச்சாதனையை எண்ணுவதற்கு அப்பதினொரு கூறுகளில் இடமில்லை. அளவை எதனைக் கேட்கிறதோ, அதற்கு மட்டுமே விடை கிடைக்கும்.

2017-க்குப் பின் தரவுகள் பற்றியும் முறை பற்றியும் கருத்து வேறுபாடு எழவே, இப்பட்டியல் சில ஆண்டுகள் நின்று, 2023-இல் புதிய வடிவில் மீண்டது. அனைவருக்கும் இணைப்பு, பொருளுள்ள இணைப்பு என்னும் இரு தூண்களின் மேல் பத்துக் கூறுகளாக அது அமைந்தது.

சராசரி மறைப்பது

ஒரு நாட்டிற்கு ஒரே எண் கூறும்போது நேரும் குறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு வட்டத்தில் பத்தாயிரம் பேர் வாழ்வதாகக் கொள்வோம். சமவெளியில் ஒன்பதாயிரம் பேர். அவருள் நூற்றுக்குத் தொண்ணூற்றுவர் இணையம் பெற்றவர். மலைமேல் ஆயிரம் பேர். அவருள் நூற்றுக்கு முப்பதின்மரே பெற்றவர். கூட்டினால் 8,400 பேர், சராசரி 84. இவ்வெண்ணைக் காணும் அலுவலர் மனநிறைவு கொள்வார். அடுத்த ஆண்டு சமவெளியில் மட்டும் 96 விழுக்காடாக உயர்ந்தால் சராசரி 89-ஐத் தாண்டும். மலையில் ஒருவருக்கும் பயன் விளையவில்லை. எனினும் வட்டம் ‘வளர்ந்தது’ என்றே ஏட்டில் பதிவாகும்.

ஊருக்கும் மலைக்கும் மட்டுமன்றி, ஒரே வீட்டிற்குள்ளும் சராசரி வேறுபாட்டை மறைக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் இணையத்தை ஒரு முறையேனும் பயன்படுத்திய பெண்கள் நூற்றுக்கு 33 பேர். ஆண்கள் 57 பேர். வீட்டில் கைப்பேசி உண்டு என்னும் விடை, அக்கைப்பேசி யார் கையில் உண்டு என்பதைக் கூறாது.

கல்வராயன் மலையை அளத்தல்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன், சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரண்டாகப் பகுத்து வழங்கப்படுவது. இங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். 1976 வரை ஜாகீர் முறையின்கீழ் இருந்தது இம்மலை. இம்மக்களின் வாழ்நிலை குறித்து 2024-இல் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கொன்றை எடுத்துக்கொண்டது.

இம்மலையின் தகவல் தொடர்பு வளர்ச்சியை அளக்க முற்படுவோர் மூன்று இடர்களைக் காண்பர். முதலாவது எல்லை. நம் பகுதி தென்னார்க்காட்டில் இருந்து, 1993-இல் விழுப்புரம் மாவட்டத்தில் சேர்ந்து, 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி மாவட்டமாயிற்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்ட எண்கள் விழுப்புரத்தின் பெயரிலேயே உள்ளன. மலையோ சேலம் மாவட்டத்திலும் பரவிக் கிடக்கிறது. இரண்டாவது அலகு. ஒழுங்குமுறை ஆணையத்தின் மாதாந்திர இணைப்புக் கணக்கு மாநில அளவிலான வட்டங்களாகவே வெளிவருகிறது. அதில் வெள்ளிமலை தனித்துத் தோன்றாது. மூன்றாவது நில அமைப்பு. கைப்பேசி அலை பெரிதும் நேர்கோட்டை நாடுவது. குன்று குறுக்கிட்டால் அதன் மறுபுறம் நிழல் விழும். ஊராட்சியில் ஒரு கோபுரம் நிற்பதால் அவ்வூராட்சியின் எல்லாச் சிற்றூர்களும் ‘அலை பெற்றவை’ எனக் கணக்கில் ஏறிவிடின், பள்ளத்தில் இருக்கும் குடியிருப்பு ஏட்டளவில் மட்டுமே பயன்பெறும்.

இதனால் விளைவது என்ன? 2022-இல் நடுவண் அரசு, நான்காம் தலைமுறை அலைவரிசை எட்டாத 24,680 சிற்றூர்களுக்கென ஏறத்தாழ 26,316 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. இத்தகைய திட்டத்தின் பயன், ‘எட்டாதது’ எனப் பட்டியலில் பதிவான ஊருக்கே முதலில் செல்லும். தவறாக ‘எட்டியது’ எனப் பதிவான ஊர் வரிசையிலேயே நில்லாது. பேறுகால வேதனையில் 108-ஐ அழைக்க வேண்டிய தாய்க்கும், உதவித்தொகை விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்ப வேண்டிய மாணவனுக்கும் அந்தப் பட்டியலின் ஒரு வரி வாழ்வோடு தொடர்புடையது.

நாம் செய்யத்தக்கவை

2025 சூன் திங்களில் அறிவிக்கப்பட்ட 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு புதிய எண்களை வழங்கும். எனினும் அதனோடு நில்லாமல், நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களின்போது மாணவர்கள் குடியிருப்புதோறும் சென்று ஐந்து வினாக்களை எழுப்பலாம். வீட்டு வாயிலில் நின்று பேச அலை கிடைக்கிறதா? இல்லையேல் எவ்வளவு தொலைவு நடக்க வேண்டும்? கைப்பேசி யாருடையது, பெண்களும் பிள்ளைகளும் அதனைப் பயன்படுத்துகின்றனரா? மாதச் செலவு வருவாயில் எத்தனைப் பங்கு? கடந்த திங்களில் அதனால் நிறைவேறிய பணி எது? இவ்விடைகளை ஊராட்சி வாரியாகவன்றிக் குடியிருப்பு வாரியாகத் தொகுத்து, ஊராட்சி மன்றத்திற்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திற்கும் அளிப்பின், அது சிறந்த சமுதாயப் பணியாக அமையும்.

மரக்கால் குறைந்தால் நெல் குறையும். குறைந்தது நெல்லன்று, மரக்கால்தான் என்பதை அறிந்தவனே நியாயம் கேட்க இயலும். உலகப் பட்டியலில் நாடு எத்தனையாவது இடம் என்பதை அறிவது நன்று. அப்பட்டியலில் நம் மலையின் கடைசிக் குடியிருப்பு எண்ணப்பட்டதா என்பதை வினவுவது அதனினும் நன்று.